௸ போடாத கனகவல்லி அம்மாள்

போன வாரம் ஓர் அஞ்சலட்டை வந்தது. நான்கு மூலையிலும் கறுப்பு மை. கனகவல்லி அம்மாள் இறந்துவிட்டார் என்று திருவள்ளூரிலிருந்து அவருடைய தம்பி எழுதியிருந்தார். இப்படி வரும் கார்டைப் படித்ததும் கிழித்துப் போடுவது வழக்கம். எனக்குக் கிழிக்கக் கை வரவில்லை.

நிலத்தடி நீர் ஆய்வில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு நினைவிருக்கும். ஊருக்கு ஒருவர் கிணறுகளின் ஆழத்தையும் உப்பையும் மாதாமாதம் அளந்து நோட்டில் எழுதுவார். நோட்டு அவரவர் வீட்டிலேயே கிடக்கும். இந்த ஏற்பாடு இருபது வருஷம் தாங்குமா என்று பார்த்துச் சொல்லும் வேலை அறுபதுகளின் நடுவில் கனகவல்லி அம்மாளுக்கு வந்தது. கடம்பத்தூரில் எழுதிவந்த வாத்தியாரிடம் நேராகவே கேட்டார்: "நீங்க பூட்டா யாரு சார் எழுதுவாங்க?" தன் சாவைப் பற்றிக் கேட்டதும் வாத்தியாருக்குக் கோபம்; அவருக்குக் கொண்டுவரச் சொன்ன காபியைத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று நான் வயிறு குலுங்கச் சிரித்தேன்.

அறிக்கையில் அவர் சொன்னது இரண்டே யோசனை. ஒவ்வொரு நோட்டுக்கும் வேறோர் ஊரில் ஒரு நகல் வேண்டும். எந்த வரியிலும் ௸ கூடாது. 'மேற்படி' என்பதற்குப் போடுவோமே, அந்தச் சுழி. கிணறுகளின் பெயரையும் வருஷத்தையும் முதல் பக்கத்தில் வரிசையாக எழுதிவிட்டு, நோட்டு முடியும்வரை ௸ போடுவதுதான் எல்லோருக்கும் பழக்கம்.

"ஒவ்வொரு வரியும் தனியா நின்னு பேசணும் சார். மேல இருக்கறது பூட்சின்னா, கீழ இருக்கறது ஊமையாயிடும்" என்றார்.

அவருக்கு மேலதிகாரி நான். இரண்டையும் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் 'வீண் வேலை' என்று எழுதினேன்.

எழுபதுகளில் மீஞ்சூர்ப் பக்கம் பெரிய ஆழ்குழாய்கள் இறங்கின. கிணறுகள் கரித்தன. குழாய் வந்த பிறகுதான் தன் கிணறு கெட்டது, அதை நிறுத்த வேண்டும் என்று முனுசாமி என்ற விவசாயி மனுப் போட்டார். விசாரணையில் எங்கள் நோட்டைக் கேட்டார்கள். எழுதியவர் இறந்து போயிருந்தார். முதல் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. உப்பு ஏறிய கணக்கு மாதவாரியாக அப்படியே இருந்தது. எந்தக் கிணறு, எந்த வருஷம் என்ற இடத்தில் மட்டும் ௸, ௸, ௸. மனு தள்ளுபடியானது.

"இன்னா நைனா, எங்கெணத்துப் பேர எய்தறதுக்கு உங்கள்ல ஒரு ஆளு இல்லியா?" என்று முனுசாமி என்னைக் கேட்டார்.

கனகவல்லி அம்மாள் பக்கத்தில்தான் நின்றார். அப்போதே சொன்னேனே என்று என்னைத் திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். முனுசாமி நிலத்தைப் போட்டுவிட்டுக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கூலி வேலைக்குப் போனார்.

அதற்குப் பிறகு கனகவல்லி அம்மாள், முதல் பக்கம் போன மற்ற நோட்டுகளை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போனார். விசாரித்து விசாரித்து, ௸ இருந்த இடமெல்லாம் பெயரும் வருஷமும் எழுதினார். நான் ஒரு ஞாயிறுகூட அவரோடு போகவில்லை. வெட்கம்தான் காரணம்.

தம்பியின் கார்டிலும், '௸யாரின் கருமாதி' என்றுதான் இருந்தது. அதை அடித்துவிட்டுக் கனகவல்லி என்று எழுதினேன். துக்கம் விசாரிக்கப் போனபோது, அவர் பாதியில் விட்ட சோழவரம் நோட்டைக் கேட்டு வாங்கிவந்தேன். அவர் நிறுத்திய வரிக்குக் கீழே இன்னும் ஒன்பது பக்கம் ௸. அவை வேறு கிணறுகளின் பக்கங்கள்; எந்தெந்தக் கிணறு என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான். வாத்தியாரிடம் அவர் கேட்ட கேள்வியை அவரிடம் நாங்கள் யாரும் கேட்கவில்லை.