கரையில் நின்ற சுடலைமுத்து அண்ணாச்சி

சுடலைமுத்து அண்ணாச்சி காலமான செய்தி எங்கள் நீச்சல் குழுவின் வாட்ஸ்அப்பில்தான் வந்தது. நான் நம்பவில்லை. முந்தைய நாள் காலையில் பார்த்த மனிதர். செய்தி போட்டவரை அழைத்தேன். அண்ணாச்சி வீட்டு வாசலில் நின்றுதான் பேசுகிறேன் என்றார். அப்போதும் மனசு கேட்காமல் அண்ணாச்சியின் மகனுக்கு அழைத்தேன். தூக்கத்திலேயே போய்விட்டாராம். நான் பத்திரம் எழுதுகிறவன். மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை. அந்தப் புத்தியை வைத்துக்கொண்டு அவரை நான் படுத்திய பாட்டை, அவரை அறிந்த உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

முட்டிவலிக்கு நீச்சல் நல்லது என்று டாக்டர் சொன்னதால், ஐம்பத்தோரு வயதில், குற்றாலம் சாலையில் உள்ள நீச்சல் குளத்தில் காலை ஆறு மணிக் குழுவில் சேர்ந்தேன். அருவிக்கு அடியில் தலையைக் கொடுத்து நிற்கத் தெரியும், நீந்தத் தெரியாது. தண்ணீருக்குப் போவதென்றால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போவதுதானே நம் வழக்கம்? முதல் நாள் உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெயோடு போய் நின்றேன். அண்ணாச்சி வாசலிலேயே மறித்தார்.

"என்ன வே, ஐந்தருவிக்கா வந்திருக்கீரு? நீரு இறங்குனா குளம் பூரா எண்ணெயா மிதக்கும். போயி சீயக்காய் போட்டுக் குளிச்சிட்டு நாளைக்கு வாரும்."

மறுநாள் என் கையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

அவர் ஓய்வுபெற்ற ஏட்டு. சீசன் காலத்தில் பல வருடம் அருவியில் காவல் நின்றவர். நீச்சல் சொல்லித்தரத் தனியாக ஒரு பயிற்சியாளர் உண்டு. குழுவை நடத்துவதும் கரையில் நின்று பார்ப்பதும் அண்ணாச்சியின் வேலை. எவரையும் நம்பமாட்டார். "நீச்சல் தெரியாதுன்னு சொல்லுதவன் தப்பிச்சிருவான். தெரியும்னு சொல்லுதவன் மேலதான் எனக்குச் சந்தேகம்" என்பார். எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் இடுப்பளவு தண்ணீரில் நீந்திக் காட்டிய பிறகே ஆழத்துக்கு அனுப்புவார்.

எனக்கோ அவர் மேலேயே சந்தேகம். மூன்று மாதத்தில் அவர் தோளில் கிடக்கும் துண்டு ஒருநாளும் நனையவில்லை. இறங்கச் சொன்னால் ஒருநாள் சளி என்பார், ஒருநாள் காதுவலி என்பார். ஒரு தடவை, அவரோடு வேலை பார்த்த ஒருவர் பத்திர விஷயமாக என்னிடம் வந்தார். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "சுடலைமுத்துவுக்கு நீச்சலா? அருவியிலயே பாறையைப் பிடிச்சுக்கிட்டுதானய்யா நிப்பாரு" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரை நம்பியா ஆழத்துக்குப் போனோம் என்று ஆத்திரம். அன்று மாலையே குழுவில் எழுதினேன்: "நம்மைக் காக்க நிற்பவருக்கு நீந்தத் தெரியுமா என்று யாராவது விசாரித்ததுண்டா?" சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. அதில் உங்களில் சிலருடையதும் இருந்தது. கடைசியில் அவர் பதில் வந்தது: "தெரியாது. காலையில் பேசுவோம்."

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்.

"ஆமா வே, தெரியாது. நீந்தத் தெரிஞ்சவன் கரையில நின்னா பாதி நேரம் செல்லைப் பாத்துக்கிட்டு இருப்பான். எனக்குத் தண்ணின்னா பயம். அதான் கண்ணை எடுக்கமாட்டேன். குதிக்க முடியாது, சரி. கம்பை நீட்ட முடியும்லா?"

"முதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி?"

"சொன்னா எம் பேச்சை எவன் கேப்பான்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேர்ந்த இரண்டாவது மாதம் ஆழத்தில் கால் எட்டாமல் தடுமாறினேன். வாயைத் திறந்து கத்துவதற்குள் ஒரு நீளக் கம்பு என் நெஞ்சருகே வந்துவிட்டது. துண்டு நனையாததைக் கவனித்த எனக்கு அந்தக் கம்பு மறந்துபோயிருந்தது.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "நீங்களும் இறங்குங்க அண்ணாச்சி" என்றேன். ஒரு வாரம் யோசித்துவிட்டு இறங்கினார். ஆனால் பயிற்சியாளர் வேண்டாம், நான்தான் அவரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்றார்.

"நானே அரைகுறை அண்ணாச்சி."

"அவன் நல்லவன், நம்பி விட்ருவான். நீரு சந்தேகக்காரரு. பிடிச்ச பிடியை விடமாட்டீரு."

ஒன்பது நாள் அவரைப் பிடித்தேன். தினமும் "விட்ருவீரா?" என்று கேட்பார். மாட்டேன் என்றால், "இன்னொருக்கா சொல்லும்" என்பார். உடம்பு கட்டைபோல் விறைத்திருக்கும், ஒரு கால் தரையை விடாது. ஒன்பதாம் நாள் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மெல்ல மல்லாந்தார். இரண்டு காலும் மேலே வந்தன.

மன்னிப்புக் கேட்க எனக்கு ஒன்பது காலைகள் இருந்தன. அவர் முகம் என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது. நாளைக்குக் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். பத்தாம் நாள் காலையில் அந்த வாட்ஸ்அப் செய்தி வந்தது. இனி உங்கள் முன்னால்தான் கேட்க முடியும்; கேட்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒன்றுதான். ஊரில் ஒருவரையும் நம்பாத அந்த மனிதர், நாலு பேர் சிரிக்கத் தம்மை அவமானப்படுத்திய என் கைகளில், ஒருநாள் காலையில் தம் பாரம் முழுவதையும் வைத்தார்.