தம்பிக்குப் போட்ட இலை

மௌலா அலி ரயில்வே குடியிருப்பில்தான் நானும் என் தம்பியும் வளர்ந்தோம். அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கிய நேரத்தில், மல்லாபூர் தொழிற்சாலையிலிருந்து பைக்கில் வீடு திரும்பியவனை லாரி அடித்துவிட்டது. அவனுக்கு முன்னால் பிறந்த நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். இதை எந்தச் சாமியிடம் போய்க் கேட்பது?

கருமாதியன்று அவனுக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்துப் படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பிள்ளை பசியோடு போய்விடுவான் என்று அம்மாவுக்குப் பயம். அவளுக்குத் தெரிந்து அவனுக்கு உயிர் கத்திரிக்காய்க் காரக்குழம்புதான். வேலூர்ப் பக்குவத்தில் வைத்துச் சோற்றோடு கட்டித் தருவாள். டப்பா வழித்துத் துடைத்தாற்போல் திரும்பி வரும்.

"நல்லா இருந்துச்சாடா?"

"ஹவ் மா."

'ஆமாம்மா'ன்னு தமிழ்ல சொன்னா வாய் சுளுக்கிடுமா என்று நான் சீண்டுவேன்.

படைத்து முடித்து, அவனோடு வேலை பார்த்த நண்பனைச் சாப்பிட உட்கார வைத்தோம். தாய் தகப்பன் இல்லாத தெலுங்குப் பையன். தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தான். குழம்புச் சோற்றை ஒரு வாய் வைத்ததும் தேம்பி அழத் தொடங்கினான்.

"அம்மா, இந்தச் சாப்பாடு டெய்லி நான்தான் தின்னேன். அவன் எனக்குக் குடுத்துடுவான்."

"அப்ப எம்புள்ள என்னடா தின்னான்?"

"கம்பெனி கேட்டுக்கு வெளிய ஈரானி ஹோட்டல்ல சமோசா, சாய். காரக்குழம்பு அவனுக்கு நக்கோ, புடிக்காது. அம்மாகிட்ட சொல்லாத, மனசு கஷ்டப்படும்னு சொன்னான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடியும் முன்பே எழுந்து புளி கரைத்தவள் அம்மா. திருட்டுப் பயல், செத்த பிறகா மாட்டிக்கொள்வது? திட்ட வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. ஒருவனுக்குத் தினமும் சோறு போட்டதைக்கூட வீட்டில் சொல்லிக்கொள்ளாத பிள்ளை அவன்.

அம்மா என்னை அந்த ஈரானி ஹோட்டலுக்கு அனுப்பினாள். நான் வாங்கி வந்த வெங்காய சமோசாக்களைச் சூடு ஆறுவதற்குள் தம்பி படத்தின் முன் இருந்த இலையில் வைத்தாள். சட்டியில் மிச்சமிருந்த குழம்பை நண்பனின் இலையில் ஊற்றினாள்.

"இது உன்னோடது. நீ சாப்பிடு."

பிறகு படத்தைப் பார்த்தாள்.

"இனிமே எனக்குத் தெரியாம வெளிய போயித் தின்ன வேணாம்டா. இங்கயே உக்காந்து சாப்பிடு."