மேல் ஓட்டையில் ஒரு பேனா

போன ஞாயிற்றுக்கிழமை அரியாங்குப்பத்தில் என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். காபி பாதிகூட குடித்திருக்க மாட்டோம்... தம்பி டம்ளரைக் கீழே போட்டுவிட்டு ஓடினான்.

ஏன் ஓடினான் என்பதற்கு முன்கதை ஒன்று உண்டு.

நம் ஊரில் வீட்டுக்கு ஒரு பிரான்ஸ் சாமான் இருக்கும், இல்லையா? பிரான்சில் குடியேறிய மாமாவோ சித்தியோ லீவில் வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. தம்பி வீட்டில் அது அயர்ன் பாக்ஸ். அதன் பிளக்கில் உருண்டையாக இரண்டு கால்கள் மட்டும்தான். நம் பிளக் பாயிண்ட்டில் அது லேசில் போகாது. அதனால் என்ன? மேல் ஓட்டையில் பேனாவைக் குத்தினால் கீழ் ஓட்டை இரண்டும் திறந்துகொள்ளுமே! நம் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் உள்ள கம்பெனிக்குக் கிளம்பும் முன் தம்பி தினமும் இப்படித்தான் யூனிஃபார்ம் தேய்ப்பான்.

இந்த வித்தை தெரியாதவள் என்று அந்த வீட்டில் நாங்கள் நினைத்திருந்தது ஒருத்தியைத்தான். அவன் மகள் யாழினி. மூன்று வயது.

அன்று அவள் தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். என் கைப்பையிலிருந்து எடுத்த பேனா, மேல் ஓட்டையில் நிற்கிறது. கையில் அம்மாவின் ஹேர்பின். சுவிட்சில் சிவப்பு விளக்கு எரிகிறது. ஹேர்பின்னுக்கும் கீழ் ஓட்டைக்கும் நடுவே ஒரு விரற்கடை தூரம்...

தம்பி அவளை அள்ளிக்கொண்டான். அவள் அழுதாள் – பயத்தில் இல்லை, கோபத்தில்.

“நீ மட்டும் டெய்லி குத்தற. நானும் சட்ட தேய்க்கப் போறேன்.”

அவன் அவளை மடியில் வைத்து, அந்தக் குட்டி விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே இருந்தான். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

“யாரு கத்துக் குடுத்தது... நான்தானேக்கா” என்றான்.

மேல் ஓட்டையில் குத்தினால் கீழே ஏன் திறக்கிறது என்று மறுநாள் எலக்ட்ரிக் கடையில் விசாரித்தேன்.

“உள்ள சின்ன மூடி இருக்குக்கா. கொழந்தைங்க எதையாச்சும் உள்ள வுட்டுடக் கூடாதுன்னு வெக்கறது. பிளக்குல மேல இருக்கற எர்த் பின்னு நீளமா இருக்கும்ல, அது மொதல்ல போயி மூடியத் தொறக்கும். இப்படித்தான் செய்யணும்னு ரூலே இருக்கு” என்றார் கடைக்காரர்.

ரூல் என்றாலே நமக்கு எரிச்சல். ஹெல்மெட்டா? தலை வேர்க்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரையா? விலை கூட. ஆனால் யோசித்துப் பாருங்கள்... எங்கோ ஓர் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு யாரோ ஒருவர், ஒரு குழந்தை தரையில் உட்கார்ந்து ஓட்டையை நோண்டுமே என்று கவலைப்பட்டிருக்கிறார். யாழினியை அவர் பார்த்ததே இல்லை. இருந்தும் அவளுக்காக ஒரு மூடி போட்டு வைத்திருக்கிறார். பெற்ற அப்பாவோ தினமும் காலையில் அதைத் திறந்து காட்டியிருக்கிறான். பாசம் இல்லாமலா? உயிரையே வைத்திருக்கிறான். பழக்கம், அவ்வளவுதான்.

அயர்ன் பாக்ஸுக்கு இப்போது எர்த்தோடு மூன்று கால் பிளக் மாட்டியாகிவிட்டது. நேற்று போனபோது யாழினி என் பேனாவைப் பத்திரமாகக் கொண்டுவந்து நீட்டினாள்.

“அத்த, இது எழுதறதுக்கு மட்டும்தானாம். அப்பா சொன்னாரு.”

அந்தப் பேனாவில்தான் இதை எழுதியிருக்கிறேன்.