ஞாயிற்றுக்கிழமை மழை

வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது பண்டாரவளையிலிருந்து நான் தம்பி என்று கூப்பிடும் குகதாசனின் மனைவி போன் செய்தார். "அக்கா, இவர் விடியக்காலமை நித்திரையிலேயே போயிட்டார்" என்றார். அதன்பின் எனக்குத் தேவாரம் பாட வாய் வரவில்லை. மற்றத் தோட்டங்களில் அவரோடு சேர்ந்து மழை அளந்த உங்களுக்கும் இதற்குள் செய்தி வந்திருக்கும்.

தம்பி யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு உதவி நிறுவனத்தில் கம்ப்யூட்டர் வேலை. மண்சரிவு எச்சரிக்கைக்காக அவர் எழுதிய புரோகிராமை எவரும் இலவசமாக எடுக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். வேறு மலை மாவட்டங்களிலும் எடுத்திருந்தார்கள். தேயிலைத் தோட்டங்களிலிருந்து நாங்கள் போனில் சொல்லும் மழை அளவுகளை, விடாமல் பெய்த நாட்களுக்கு அது கூட்டிக்கொண்டே போகும். எல்லை தாண்டினால் தொழிலாளர் லயத்து வீடுகளை விட்டு வெளியேறச் சொல்லும். வீட்டுக் கணக்கை ஒழுங்காக எழுதுகிறவள் என்று எங்கள் தோட்டத்து மழைமானியை என்னிடம் ஒப்படைத்திருந்தார்.

ஒரு திங்கட்கிழமை, அத்தனை மழைக்கும் புரோகிராம் வாய் திறக்கவில்லை. ஞாயிறு மழை எங்கே என்று தம்பி போனில் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை வேலைக்குப் பெரட்டு இல்லையே தம்பி. ஆபீஸ் பூட்டு. மானி ஆபீஸ் வளவுக்குள்ளதானே இருக்கு."

அளவு இல்லாத நாளை மழை இல்லாத நாளாக எடுத்து, அது கணக்கை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறது. "மழைக்கும் லீவு குடுக்கிற ஊரெண்டு எனக்குத் தெரியேல்லை" என்றார். சிரிக்கவில்லை.

திருத்தத்தை உடனே எழுதிவிட்டார். ஆனால் அதில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் எழுதிய புரோகிராம் துண்டு ஒன்று இருந்தது. அதன் உரிமத்தைக் கொழும்பில் நிறுவனத்தின் சட்டப்பிரிவு பார்க்கும்வரை எந்தக் கம்ப்யூட்டரிலும் போடக்கூடாது, குறையைப் பற்றி வெளியில் பேசவும் கூடாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. ஐப்பசி மழை இறங்கியது. கேட்கும்போதெல்லாம் "இன்னும் பார்க்கினம்" என்பார்.

"பாக்கட்டும். மலையும் பாத்துக்கிட்டுதான் இருக்கு" என்றேன் எரிச்சலில்.

அடுத்த சனிக்கிழமை அவர் எல்லாத் தோட்டங்களுக்கும், மற்ற மாவட்டங்களுக்கும் போன் செய்தார். குறை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஞாயிறும் அளவு எடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். வேலைக்கு ஆபத்து வராதா என்றேன்.

"புரோகிராம் மேலிடத்தின்ரை, அக்கா. ஞாயிற்றுக்கிழமை அவையின்ரை இல்லை."

மறுநாள் காலை ஆபீஸ் வாட்சரோடு மல்லுக்கட்டி கேட்டைத் திறக்கவைத்தேன். அளவைச் சொன்னதும் தம்பியின் குரல் மாறியது. எல்லை தாண்டிவிட்டது. கீழ் லயத்துக் குடும்பங்களைக் கோயில் மண்டபத்துக்கு ஏற்றினோம். மாரியம்மனைக் கும்பிட்டபடி மலையையே பார்த்திருந்தோம்.

மலை விழவில்லை. ஈரத்தில் பிள்ளைகளோடு கிடந்தவர்கள் என்னை ஏசினார்கள். தம்பியிடம் போனில் அழுதேன்.

"விழேல்லை எண்டு ஏசினால் வாங்குவம், அக்கா. விழுந்திருந்தால் ஏசுறதுக்கு ஆக்கள் இருக்க மாட்டினம்."

மழைக்காலம் முடிந்தபின் சட்டப்பிரிவின் அனுமதி வந்தது. திருத்தத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. மேலிடத்தைப் பற்றி அவர் ஒரு சொல் குறை பேசவில்லை.

அனுமதி இன்னும் இல்லை என்று கேட்டதும் நாமெல்லாம் போனை வைத்துவிடுவோம். அவர் வைக்கமாட்டார். "அதுவரைக்கும் என்ன செய்யலாம்?" என்பார். அந்தக் கேள்வியை நான் வைத்துக்கொள்கிறேன். அவரை அம்மன் வைத்துக்கொள்ளட்டும்.