கோபுரம் தெரியும் ஒரே மாடி

எங்கள் தெரு ஜெயித்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

யாரை எதிர்த்து என்கிறீர்களா? அடர்த்தியை எதிர்த்து. மக்கள் அடர்த்தி! மூன்று மாதங்களுக்கு முன்புவரை இந்த வார்த்தையை எங்கள் தெருக்காரர்கள் ஷாம்பு விளம்பரத்தில் மட்டும்தான் கேட்டிருந்தார்கள். இப்போது வாக்கிங் போகும்போதுகூட, “அடர்த்தி ஜாஸ்தியாயிடும் சார்...” என்று கவலைப்படுகிறார்கள்.

விஷயம் இதுதான். நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில், ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடக்கூடிய ஒரு சின்னத் தெரு. கோயிலைச் சுற்றிக் கட்டடங்களுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு. எங்கள் தெரு அந்த எல்லைக்கு வெளியே. ஆனாலும் இங்கே தரைத்தளத்துக்கு மேல் ஒரு மாடிதான் கட்டலாம். புதிய மாஸ்டர் பிளானில் அதை மூன்று மாடியாக்கலாமா என்று ஒரு யோசனை. பொதுமக்கள் தங்கள் கருத்தைச் சொல்லலாம் என்று அறிவிப்பு வந்தது.

எங்கள் தெருவிடம் போய்க் கருத்து கேட்கலாமா?

ஆனி மாதக் கடைசியில் குடியிருப்போர் நலச் சங்கம் அவசரமாகக் கூடியது. கூட்டம் எப்போதும் தலைவர் பார்த்தசாரதி சார் வீட்டுப் போர்டிகோவில்தான். பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டத்துக்கு இடம் வேண்டுமென்று தன் காரை வெளியே எடுத்துத் தெருவில் நிறுத்துவார். வருகிறவர்களும் வண்டிகளைத் தெருவில் நிறுத்துவார்கள். பிறகு எல்லோரும் உள்ளே உட்கார்ந்து, தெருவில் பார்க்கிங் எவ்வளவு மோசமாகிவிட்டது என்று பேசுவார்கள்.

நான் அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். சிவில் இன்ஜினியர். கன்டோன்மென்ட்டில் ஒரு டிசைன் ஆபீஸில் வேலை. வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சங்கத்தில் ஓட்டு கிடையாது. நாற்காலி எடுத்துப் போடும் உரிமை உண்டு.

எனக்கு எதையும் வரிசை போட்டு எழுதினால்தான் புரியும். அன்று மூன்று மாடிக்கு எதிராக எழுந்த வாதங்களை எழுதிக்கொண்டேன்.

ஒன்று, பார்க்கிங். சொன்னேனே.

இரண்டு, தண்ணீர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, “இத்தனை பேர் வந்தா தண்ணிக்கு எங்க சார் போறது?” என்று கேட்டார் செயலாளர் கோபால் சார். அவர் கேட்டுக்கொண்டிருந்தபோதே மாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் சளசளவென்று கொட்டியது. யாரோ மோட்டாரை அணைக்க ஓடினார்கள். பெரிய தொழிற்சாலையில் வேலை பார்த்து, கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் வாழ்நாளைக் கழித்துவிட்டு, ரிட்டயரானதும் இங்கே வீடு வாங்கியவர் கோபால் சார். எந்தப் பேச்சையும் “எங்க டவுன்ஷிப்ல...” என்றுதான் தொடங்குவார். இவ்வளவு பிடித்த ஊரை விட்டு ஏன் வந்தீர்கள் என்று யாரும் கேட்டதில்லை.

மூன்று, “யார் யார் வருவாங்களோ!” இதைச் சொல்லும்போது மட்டும் எல்லோருடைய குரலும் கொஞ்சம் இறங்கியது. யார் வரக்கூடாது என்பதை யாரும் சொல்லவில்லை. நாகரிகமானவர்கள்.

கவனித்துப் பார்த்தால், அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வேறு ஊரிலிருந்து வந்து குடியேறியவர்கள்தான். ஓர் ஊர் எப்போது நிரம்புகிறது தெரியுமா? நாம் கிரகப்பிரவேசம் செய்த மறுநாள்.

மாலதி அக்கா அப்போதுதான் எழுந்தார்.

தெருக்கோடி வீட்டுக்காரர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தில்லை நகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். டியூட்டி முடித்து வந்து, காபி குடிப்பதற்குள் நாலு வீட்டில் கூப்பிட்டுவிடுவார்கள். பார்த்தசாரதி சாருக்கு பி.பி. பார்க்க வேண்டும், கோபால் சாரின் மனைவிக்கு ஊசி போட வேண்டும், இன்னொரு வீட்டில் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று சந்தேகம் தீர்க்க வேண்டும்.

“சார், என் நிலைமையைச் சொல்லிடறேன்” என்றார். “வீடு எனக்கும் தம்பிக்கும் பொது. மழை பெஞ்சா ரெண்டு ரூம்ல பக்கெட் வைக்கிறோம். இடிச்சுக் கட்டணும். நீங்க சொல்ற மாதிரி தெருவுல வண்டி நிக்கக் கூடாதுன்னா, கீழ முழுக்க பார்க்கிங் விடணும். அதுக்கு மேல நான், அதுக்கு மேல தம்பி, அதுக்கும் மேல ஒரு வீட்டை வாடகைக்கு விட்டா பாங்க் லோன் கட்டிடுவோம். ஒரு மாடிதான்னா எங்களால முடியாதுங்க. வித்துப் பிரிச்சுக்க வேண்டியதுதான்.”

“உனக்கு எதிரா யாரும்மா பேசறா?” என்றார் பார்த்தசாரதி சார், உண்மையான பாசத்துடன். “நாங்க திட்டத்துக்கு எதிராத்தான் பேசறோம்.”

ஆனாலும் கூட்டம் கொஞ்சம் இளகியது போலத்தான் இருந்தது. ஊசி போடும் கை ஆயிற்றே. அந்த நேரத்தில்தான் ரங்கநாயகி மாமி, அதுவரை யாருக்கும் தோன்றாத நாலாவது வாதத்தை வைத்தார்.

“கோபுரம் மறைஞ்சுடுமே!”

கூட்டமே மாமி பக்கம் திரும்பியது.

“காலம்பற மொட்டை மாடிக்குப் போய் ராஜகோபுரத்தைச் சேவிக்கலேன்னா எனக்குக் காபியே இறங்காது. பெருமாளே! இந்தத் தெருவுல வீடு வாங்கினதே அதுக்குத்தானே?”

அவ்வளவுதான். பார்க்கிங், தண்ணீர் எல்லாம் பின்னால் போய்விட்டன. திடீரென்று எல்லோருமே கோபுரத்துக்காகத்தான் இங்கே வீடு வாங்கியிருந்தார்கள். கோபால் சார்கூட, “எங்க டவுன்ஷிப்ல எல்லாம் இருந்தது. கோபுரம் மட்டும்தான் இல்ல” என்றார்.

பார்த்தசாரதி சார் என் பக்கம் திரும்பினார். “நீ இன்ஜினியர்தானேம்மா? ஒவ்வொரு மாடியிலேருந்தும் போட்டோ எடுத்து, உயரம் கியரமெல்லாம் போட்டு ஒரு ரிப்போர்ட் ரெடி பண்ணிடு. டெக்னிக்கலா இருக்கணும்.”

ஓட்டு இல்லாதவளுக்கு உத்தியோகம் கிடைத்தது.

அடுத்த ஞாயிறு நான் மாடி மாடியாக ஏறினேன்.

முதலில் எங்கள் வீடு. முதல் மாடிக்கு மேல், அனுமதி வாங்கிய பிளானில் இல்லாத ஒரு ரூம் இருக்கிறது. ‘பூஜைச் சாமான் வைக்கிற ரூம்’ என்பார் பார்த்தசாரதி சார். ஏசி போட்டு அதில் ஒரு கம்பெனிக்காரர் வாடகைக்கு இருக்கிறார். அந்த ரூமின் தலைமேல் தண்ணீர்த் தொட்டி. கோபுரம் அதற்குப் பின்னால் எங்கோ இருப்பதாக நம்பிக்கொள்ளலாம்.

கோபால் சார் வீட்டு மாடி முழுக்கத் தகர ஷெட். நாலு பக்கமும் பச்சை வலை. கீழே டேபிள் டென்னிஸ் மேஜை. எங்கள் டவுன்ஷிப்பில் கிளப் இருந்தது என்றார். கோபுரம்? “ஷெட்டுக்கு அந்தாண்ட தெரியும்மா.” ஷெட்டுக்கு அந்தாண்ட அடுத்த வீட்டு ஷெட் தெரிந்தது.

ரங்கநாயகி மாமி வீட்டில் குரங்குத் தொல்லைக்காக மாடியின் கைப்பிடிச் சுவரை ஆளுயரத்துக்கு எழுப்பி, அதற்கு மேலும் தகரம் அடித்திருந்தார்கள். மாமி என்னை ஒரு மூலைக்கு அழைத்துப் போய், இரண்டு தகரங்களுக்கு நடுவே இருந்த விரல் அகல இடைவெளியைக் காட்டினார்.

“இப்படி எக்கிப் பாரு. தெரியறதோல்லியோ?”

எக்கிப் பார்த்தேன். தெரிந்தது. எதிர் வீட்டு டிஷ் ஆன்டெனா.

“வெயில் பட்டா தகதகன்னு மின்னும்” என்று மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். எத்தனை காலமாக அந்த ஆன்டெனா சேவை வாங்கிக்கொண்டிருக்கிறதோ... ரிப்போர்ட்டில் அதை எழுதவில்லை. டெக்னிக்கலாக இருக்க வேண்டுமே.

ஒவ்வொரு மாடியிலும் இதே கதைதான். கடைசியாகத் தெருக்கோடிக்குப் போனேன். மாலதி அக்கா வீட்டு மொட்டை மாடி உண்மையிலேயே மொட்டை. ஒரு கொடிக்கயிறு. அதில் நர்ஸ் யூனிஃபார்ம். வீட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்கூல் மைதானம். அதையும் தாண்டி, மறைக்க எதுவுமில்லாமல், ராஜகோபுரம் முழுசாக நின்றது.

“அக்கா! உங்களுக்குத்தான் முழுக் கோபுரமும்!”

“ஆமா... டியூட்டிக்கு ஓடுறப்ப துணி காயப்போட வருவேன்ல. அப்ப ஒரு கும்பிடு போட்டுக்குவேன். நின்னு பார்க்க எங்கடி டைம்?”

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. வாதம் முடிந்தது என்று நினைத்தேன். யாருடைய மாடியிலிருந்தும் கோபுரம் தெரியவில்லை என்றால், மாலதி அக்கா கட்டும் வீடு எதை மறைக்கப் போகிறது? மறைக்க வேண்டியதையெல்லாம் அவரவர் ஷெட்டே மறைத்துவிட்டதே. போட்டோ, வரைபடம், கோணக் கணக்கு எல்லாம் சேர்த்து எழுதினேன். முடிவுரையாக ஒரே வரி: இத்தெருவில் ராஜகோபுரம் தடையின்றித் தெரிவது தெருக்கோடி வீட்டு மாடியிலிருந்து மட்டுமே.

படித்த பெண் செய்யக்கூடிய அசட்டுத்தனம் இது. உண்மையை எழுதிவிட்டால் அது தானாக நல்ல பக்கம் போய் நின்றுகொள்ளும் என்று நம்புவது.

அடுத்த கூட்டத்தில் ரிப்போர்ட்டை நானே வாசித்தேன். முடித்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் ஷெட்டை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு நிமிடம் ஜெயித்தே விட்டேன்.

பார்த்தசாரதி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஆக... இந்தத் தெருவுக்குன்னு மிச்சம் இருக்கறது அந்த ஒரு மாடிதான்னு டெக்னிக்கலாவே ப்ரூவ் ஆயிடுத்து. அதையாவது நாம காப்பாத்தியாகணும்!”

கைதட்டல். ரங்கநாயகி மாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

“சார், அது என் வீடு சார்...” என்றார் மாலதி அக்கா.

“உன் வீடுதாம்மா. யார் இல்லேன்னா? தரிசனம் தெருவோடது.”

நான் விடவில்லை. “கோபால் சார், நீங்களும் அடுத்த வீட்டுக்காரரும் ஷெட்டை எடுத்தீங்கன்னா உங்க மாடியிலயும் கோபுரம் தெரியும்.”

“திருச்சி வெயில் எப்படி அடிக்குதுன்னு தெரியாம பேசறியேம்மா” என்றார் அவர் வருத்தத்தோடு.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஓட்டு இல்லாத நானும், ஓட்டு இருந்தும் கை தூக்காத மாலதி அக்காவும் அந்த ஏகமனதில் சேர்த்தி இல்லை. எங்கள் தெருவுக்கு மூன்று மாடி வேண்டாம் என்ற ஆட்சேபணை மனு, என் ரிப்போர்ட்டைக் கலர் பிரின்ட் போட்டு இணைத்து, மாஸ்டர் பிளான் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தது. முன்பக்கத்தில் என் பெயர் வேறு. தொழில்நுட்ப ஆலோசகராம்.

மாலதி அக்காவின் தம்பிக்குத் துவாக்குடியில் வேலை. வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளுடன் இருப்பவர். அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் செய்தார். “ஆட்சேபணை போயிடுச்சுன்னா இது எப்ப முடியும்னு யாருக்குத் தெரியும்க்கா? வருஷக்கணக்குல இழுக்கும். வித்துடலாம்.” அக்கா மறுநாளே ஒரு தரகரிடம் சொல்லிவைத்தார்.

விற்பது என்று தெரிந்ததும் சங்கம் பதறிப்போனது. வருத்தத்தில் இல்லை. அப்போது ஆடி பிறந்திருந்தது. “ஆடியில வீடு மாத்தாதேம்மா, நல்லதில்ல” என்று வீடு தேடிப்போய்ச் சொன்னார்கள். அக்கறையில் எங்கள் தெருவை யாரும் மிஞ்ச முடியாது.

தரகர் ஒரு பார்ட்டியைக் கொண்டுவந்தார். அமெரிக்கா. வைகுண்ட ஏகாதசிக்கு வந்து பத்து நாள் தங்குவார்களாம். மற்ற நாளெல்லாம் வீடு பூட்டியிருக்கும்.

“ரொம்ப டீசன்ட் பார்ட்டி!” என்றார் பார்த்தசாரதி சார்.

யோசித்துப் பாருங்கள், உண்மைதான். கார் கிடையாது. தண்ணீர் செலவு கிடையாது. சத்தம் கிடையாது. குடியிருப்போர் நலச் சங்கம் இத்தனை வருடமாகத் தேடிக்கொண்டிருந்த லட்சியக் குடியிருப்போர் இவர்கள்தான். குடியிருக்காதவர்கள்.

ஆவணி பிறந்தது. போன ஞாயிறு மாலதி அக்காவுக்குப் பிரிவுபசார விழா. அதே போர்டிகோ. சால்வை போர்த்தினார்கள். கேசரி, காரா பூந்தி. “நம்ம தெருப் பொண்ணு... இப்படி ஒருத்தி நடுவுல இருக்கறது ஒரு கொடுப்பினை” என்று பார்த்தசாரதி சார் தழுதழுத்தார்.

அக்கா சால்வையை அழகாக மடித்தார். “கொடுப்பினைதான் சார். ரெண்டு மாடி கம்மியாப் போயிடுச்சு.”

நல்ல நகைச்சுவை என்று எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் ஒரு மினி லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு உறையூரில் ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டார். தெருக்கோடி வீட்டுக் கேட்டில் இப்போது பெரிய பூட்டு. அந்த மாடி பத்திரமாக இருக்கிறது. கோபுரமும் முன்போலவே முழுசாகத் தெரியும், ஏறிப் பார்க்க ஆள் இருந்தால்.

நேற்று பார்த்தசாரதி சார் மாடிப்படியில் நின்று கூப்பிட்டார். இரண்டு நாளாகத் தலை சுற்றுகிறதாம். “மாலதி சண்டே சண்டே இந்தப் பக்கம் வருவாளான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றியாம்மா?” என்றார்.

கேட்டேன். ஸ்ரீரங்கத்துக்கு வந்து போக இரண்டு பஸ் மாறணும், வாரத்தில் ஒரே ஒரு லீவு, அதுவும் எப்போதும் ஞாயிறு இல்லை என்றார் அக்கா. நியாயம்தான்.

எங்கள் தெருவில் அடர்த்தி குறைந்துவிட்டது. பி.பி.தான் ஏறியிருக்கிறது... எவ்வளவு என்று பார்க்கத்தான் ஆள் இல்லை.