மலையில் நடந்து பார்க்க வந்தவர்கள்

ஆட்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிற தொழிலில் கால் நோவைவிடக் காது நோவுதான் அதிகம். ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்வந்தவராக நீங்கள் இருந்தால், நான் சொல்லாமலே உங்களுக்கு விளங்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பில் ஒரு கடை முதலாளியிடம் வேலை பார்த்தேன். காலபோக நெல் வெட்டு முடிந்ததும் அவர் ஆள் சேர்ப்பார். மாங்குளத்தில் றெயில் ஏற்றி, மலைநாட்டில் ஒகியாவில் இறக்கி, ஹோட்டன் சமவெளிக்கு நடத்திக்கொண்டு போவது என் பொறுப்பு. ஒருமுறை என்னோடு வந்த மூன்று பேரை மறக்க முடியாது.

ஆள் சேர்த்த கதை

உடையார்கட்டில் வயல் செய்த கந்தையா அண்ணையிடம் போனேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய மனிதர். மலைக்குப் போய் என்ன செய்வது என்று கேட்டார். நடப்பது என்றேன். நடந்து எங்கே போவது என்றார். ஓரிடமும் இல்லை, நடந்துவிட்டுத் திரும்பி வருவதுதான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். “நடக்கிறதுக்கு றெயில் எதுக்குத் தம்பி? இஞ்சையிருந்தே நடக்கலாமே.”

நான் சைக்கிளைத் திருப்பினேன். அப்போது குசினிக்குள்ளிருந்து அவர் மனைவி நாகம்மா அக்கா வெளியே வந்தா. “அவர் வராட்டிலும் என்ரை பேரை எழுதுங்கோ. கலியாணம் முடிச்ச நாள் தொடக்கம் வரம்பிலைதான் நடக்கிறன். ஒருக்கால் வேறை இடத்திலை நடந்து பாக்கிறன்.”

வெள்ளை விளைச்சல்

மனைவி பேர் கொடுத்ததும் கந்தையா அண்ணையும் கொடுத்துவிட்டார். மூன்றாவது ஆள் சூசைப்பிள்ளை, முல்லைத்தீவுக் கடற்கரையில் தோணி வைத்திருந்தவர். குளிர் என்றால் என்ன என்று தெரியாமல் ஒரு சாரத்தோடும் ஒரு பெனியனோடும் வந்துவிட்டார். சமவெளியில் தங்கிய இரவு என் கம்பளியை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் சாக்குக்குள் படுத்தேன்.

விடிய எழும்பிப் பார்த்தால் புல்லெல்லாம் உறைபனி, வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. சூசைப்பிள்ளை வெறுங்காலோடு இறங்கிப் போய்க் குந்தினார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். இன்னொரு இடத்திலும் தொட்டுப் பார்த்தார். பிறகு மனம் விட்டவர்போல என்னிடம் வந்தார். “விளைச்சல் நல்லாய்த்தான் இருக்கு தம்பி. ஆனால் உப்புப் போட மறந்திட்டினம்.”

மரை

காட்டு மிருகங்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது அந்த இடத்துச் சட்டம். நான் எல்லோருக்கும் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன். புல்வெளியில் மான் வகையான பெரிய மரை ஒன்று நின்று மேய்ந்தது. ஒரு வெள்ளைக்காரத் துரையும் துரைசாணியும் குப்புறப் படுத்து, மூச்சு விடாமல், கமராவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கந்தையா அண்ணைக்குக் கை தன்பாட்டில் போய்விட்டது. “ஹூய்” என்று ஒரு சத்தம், பின்னாலே ஒரு மண்ணாங்கட்டி. மரை காட்டுக்குள் பாய்ந்தது. துரை எழும்பி நின்று ஏதோ கத்தினார். நான் எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீசில் மன்னிப்புக் கேட்டு, கும்பிட்டு, ஒருபடியாகச் சமாளித்தேன். கந்தையா அண்ணை கையைத் தட்டிக்கொண்டு என் காதுக்குள் சொன்னார்: “பாவங்கள், அவைக்கு வயல் இல்லைப் போலை.”

உலக முடிவு

உலக முடிவு என்ற இடத்தில் மலை அப்படியே செங்குத்தாக விழுகிறது. அங்கே போகும் வழியெல்லாம் கந்தையா அண்ணை முன்னால் நடந்து, “இஞ்சேர், கெதியாய் வாரும்” என்று மனைவியை விரட்டிக்கொண்டே போனார். விளிம்புக்குக் கிட்டப் போகவும் பனிப்புகார் இறங்கிவிட்டது. என் கையை நீட்டினால் எனக்கே தெரியவில்லை. திரும்பிக் கூப்பிட்டோம். நாகம்மா அக்காவின் குரல் இல்லை.

“இஞ்சேர்” என்று கந்தையா அண்ணை கத்தினார். பதில் இல்லை. அதன்பிறகு அந்த மனிதர் “நாகம்மா, நாகம்மா” என்று குழறத் தொடங்கினார். விளிம்புப் பக்கம் ஓடப் பார்த்தவரைச் சூசைப்பிள்ளை இடுப்பில் கட்டிப் பிடித்துக்கொண்டு அந்தோனியாரைக் கூப்பிட்டார். கந்தையா அண்ணை வற்றாப்பளை அம்மனைக் கூப்பிட்டார். நடுவில், “அவரையும் விடாமல் கூப்பிடு சூசை” என்று அழுதார்.

புகார் கலைந்தது. நாங்கள் வந்த வழியில், கூப்பிடு தூரத்தில், ஒரு கல்லின் மேல் நாகம்மா அக்கா காலை நீட்டி இருந்தா. காலில் கடித்த அட்டையைப் பிடுங்க இருந்தாவாம். கந்தையா அண்ணை ஓடிப்போய், கூப்பிட்டது கேட்கவில்லையா என்று ஏசினார். அவா சேலையை உதறி எழும்பினா. “கேட்டது. பேர் சொல்லி இன்னொருக்கால் கூப்பிடுவியளெண்டு இருந்தனான்.”

முதலாளியின் ஆசை

ஊருக்குத் திரும்பியதும், நாலு பேருக்கு முன்னால் புகழ்ச்சி கேட்க ஆசைப்பட்டு, முதலாளி கந்தையா அண்ணையைக் கடைக்குக் கூப்பிட்டுக் கதிரை போட்டு இருத்தினார். மலை எப்படி என்று கேட்டார். அண்ணை வடிவாக யோசித்தார். “நல்ல இடம். ஆனால் ஒரு ஏக்கரிலையும் நெல்லு விதைக்கேலாது.”

அந்த வேலையில் இருந்த காலம் முழுக்க மலையால் எனக்கு ஒரு கரைச்சலும் வந்ததில்லை. வந்த கரைச்சல் எல்லாம் நானே றெயில் றிக்கற் எடுத்துக் கூட்டிக்கொண்டு போனதுதான்.