ஆழத்தாருக்கு ஒரு டோக்கன்

நானும் என் அலுவலக நண்பரும் ஒரே வகைக் கதைகளைத் தேடிப் படிப்பவர்கள். மனித இனத்துக்கு முன்பே வந்து கடலடியில் உறங்கும் ஏதோ ஒன்று; அதைக் கண்டவனுக்குப் புத்தி பேதலிக்கும்; அதற்கோ நாம் இருப்பதே தெரியாது. எனக்கு அவை பயமூட்டின. அவர் படித்துவிட்டுச் சிரிப்பார். "நம்ம செக்‌ஷன் மாதிரியே இருக்குல்ல?" என்றார் ஒருமுறை.

அந்த ஐப்பசியில், காரைக்கால் தெருக்களில் தண்ணீர் நின்ற வாரத்தில், தான் வரைந்த முதல் சித்திரத்தை அலுவலக வாட்ஸப் குழுவில் போட்டார். நான்கு கட்டங்கள். வாயைச் சுற்றிக் கணவாயைப் போலக் கைகள் நெளியும் கடற்பூதம் ஆழத்தார், யுகங்கள் உறங்கி எழுந்து, அரசலாற்று முகத்துவாரம் வழியாக எங்கள் அரசு அலுவலகக் கவுன்டருக்கு வருகிறார். எழுத்தர் நிமிரவில்லை. பிறப்புச் சான்று கேட்கிறார். காலத்துக்கு முன்பே பிறந்தவன் என்கிறார் ஆழத்தார். அப்படியானால் அஃபிடவிட். கடைசிக் கட்டத்தில் அவர் டோக்கனுடன் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார்.

திங்கட்கிழமைதோறும் ஒன்று வந்தது. நான் ஒவ்வொன்றையும் அச்செடுத்து, மூலையில் தேதி எழுதி வைத்தேன். எங்களைவிட ரசித்தவர் எங்கள் அதிகாரி. திங்கள் காலை தாமதமானால் ஆளனுப்பிக் கேட்பார்.

நண்பரின் அப்பா குரும்பகரத்தில் பக்கவாதத்தில் கிடந்தார். காலையில் அவரைத் தூக்கிக் குளிப்பாட்டிவிட்டுத்தான் இவர் பஸ் ஏறுவார். வேறு யார் தொட்டாலும் அப்பா உடம்பை விறைத்துக்கொள்வார். பதவி உயர்வு வந்தால் புதுச்சேரி அரசின் தொலைதூரப் பகுதிகளான ஏனாமோ மாஹேயோ போகவேண்டிவரும் என்று, அந்த உயர்வையே வேண்டாமென எழுதிக் கொடுத்தவர் நண்பர்.

மாசி மாதத்துச் சித்திரம் ஒன்றில் ஆழத்தார் தன் உண்மை முகத்தைக் காட்டுகிறார். பார்த்தவர்களெல்லாம் தலைதெறிக்க ஓடுகிறார்கள். எழுத்தர் மட்டும் நிதானமாகப் பார்த்துவிட்டு, "போட்டோ ரெண்டு காப்பி வேணும். காது தெரியணும்" என்கிறார். காது தெரியணும் என்பது எங்கள் அதிகாரி நாள் முழுக்கச் சொல்வது. குழுவில் ஒருவர், "சார், அப்படியே நீங்கதான்" என்று எழுதிவிட்டார்.

அதிகாரி நண்பரை அறைக்கு அழைத்தார். நானும் கோப்புடன் நின்றிருந்தேன். அதிகாரியின் குரலில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம்.

"அந்தப் பூதம்தான் நான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். வீட்டுலகூட காட்டுனேன். நீங்க என்னை அந்தக் கிளார்க்காவுல்ல போட்டிருக்கீங்க?"

பங்குனியில் ஏனாமுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அப்பாவின் நிலையைச் சொல்லி நண்பர் மனு கொடுத்தார். நிர்வாகக் காரணம் என்று பதில். குழுவில் சிரித்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் சிரிப்பை அழித்தார்கள். முதலில் அழித்தவர், அப்படியே நீங்கதான் என்று எழுதியவர்.

அப்பாவைக் கவனிக்க ஆள் வைத்துவிட்டுப் போனார். விறைத்த உடம்பு அந்த ஆளின் கையிலிருந்து நழுவி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆடி பிறப்பதற்குள் அப்பா போய்விட்டார். மகன் ஆந்திரக் கரையிலிருந்து ரயில் மாறி மாறி வந்துசேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம்.

அதிகாரி மாலையோடு வந்தார். அதில் குறை சொல்ல முடியாது. பெட்டியருகே நின்ற நண்பரின் தோளைத் தொட்டு மெதுவாகக் கேட்டார்.

"இப்பல்லாம் வரையிறதில்லையாப்பா? அந்தப் பூதம் நல்லா இருந்துச்சே."

"இல்லீங்க சார்."

"விட்றக்கூடாது. லீவு எதுவரைக்கும்?"

நண்பர் தேதியைச் சொன்னார். அதற்குமேல் நீட்டிக்க வேண்டாம், அங்கே ஆள் பற்றாக்குறை என்று சொல்லிவிட்டு அதிகாரி வாசலில் செருப்பைத் தேடினார். அவர் முகத்தை நான் கூர்ந்து பார்த்தேன். நடிப்பு இல்லை. அன்று அறையில் கேட்டதோ, அதற்காக மாற்றியதோ அவருக்கு உண்மையாகவே எதுவும் நினைவில்லை.